நாடிச் சான்று

சென்னியப்பன் வீட்டுக் குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. முன்பு இருந்தது. போன ஆவணியில் அவனே ஸ்குரூ டிரைவர் எடுத்து அதைக் கழற்றி மனைவி யமுனாவின் கையில் கொடுத்துவிட்டான். கதவில் இப்போது திருகாணி ஓட்டைகள்தான் மிச்சம். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் உள்ளே போனால் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, யாராவது தள்ளிவிடாமல் இருக்கப் பாட்டும் பாட வேண்டியிருந்தது. "ஏனப்பா, ஒரு தாழ்ப்பாள் வாங்க வக்கில்லாமயா போயிட்டே?" என்று கிண்டல் செய்வார்கள். சென்னியப்பன் சிரித்து மழுப்புவான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்தத் தாழ்ப்பாளைக் கழற்றியதுதான். அதை அவர்களிடம் சொல்லவா முடியும்?

அந்தக் குளியலறையில்தான் அவன் இரண்டு வருஷம் சூதாடினான். சாயங்காலம் பம்புசெட் கம்பெனியிலிருந்து வந்ததும் லுங்கி மடிப்பில் போனைச் சொருகிக்கொண்டு உள்ளே போவான். தாழ்ப்பாளைப் போடுவான். போனிலிருந்து வரும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து வாளியில் விடுவான். இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து 'வெற்றிக்கொடி' தளத்தைத் திறப்பான். சீட்டு, கிரிக்கெட், கபடி என்று எதன்மேல் வேண்டுமானாலும் அதில் பணம் கட்டலாம். "ஜெயித்த பணம் நொடியில் உங்கள் கையில்" என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கும். சென்னியப்பனுக்கு நொடியில் கையை விட்டுப் போனதுதான் அதிகம்.

யமுனா கீழ்த்தளத்தில் மெஸ் நடத்தினாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற தெரு அது. டிபன் கேரியரில் சாப்பாடு கொடுத்து ஆரம்பித்தவள், ஒரு ஹால் நிறைய ஆட்களை உட்காரவைத்துப் பரிமாறும் அளவுக்கு வந்திருந்தாள். மெஸ் கீழே, வீடு மேலே, இரண்டுமே வாடகை. என்றைக்காவது அந்தக் கட்டடத்தையே வாங்கிவிட வேண்டும் என்று பணம் சேர்த்துவந்தாள். சேர்த்த பணத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கணவனிடம் கொடுத்திருந்தாள். அவன் படித்தவனாயிற்றே.

மாடிக்கு வரும்போதெல்லாம் குளியலறைக் கதவு சாத்தியிருக்கும், வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்கும். "ஏனுங்க, தண்ணி வழியுதுங்க. என்னாச்சுங்க?" என்பாள். உள்ளேயிருந்து சென்னியப்பன், "வயிறு சரியில்ல அம்மிணி" என்பான். முதல் தடவை வாயில் வந்ததைச் சொன்னான். அப்புறம் அதுவே நோயாக நிலைத்துவிட்டது.

யமுனா அந்த நோயைத் தன் நோயாக எடுத்துக்கொண்டாள். ஊருக்கெல்லாம் காரக் குழம்பு ஊற்றுகிறவள் கணவனுக்கு மட்டும் தனியாகப் பருப்பும் நெய்யும் ரசமும் வைத்தாள். காலையில் ஒரு டம்ளரில் வெந்தயத்தை ஊறப்போட்டு, சாயங்காலம் அதை மோரில் கலந்து குளியலறை வாசலிலேயே நின்று கொடுத்தாள். அவன் குடித்தான். கசந்தது, குடித்தான். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கவும் ஏற்பாடு செய்துவிட்டாள். பொய்யைக் காப்பாற்றுவதற்காக அந்தக் குழாயையும் விழுங்கினான் மகராசன். "வயித்துல ஒண்ணுமே இல்லைங்க, குழந்தை வயிறு மாதிரி இருக்கு" என்று டாக்டர் சொன்னதும் யமுனா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அங்கேயே, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சேர்த்த பணம் போனதையும் சொன்னான்.

அவள் கத்தவில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றுதான் தாழ்ப்பாள் கழன்றது. மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புப் பட்டையையும் அவிழ்த்துக் கொடுத்தான். வெற்றிக்கொடியில் ஆடுகிற எவரும் அதைக் கட்டிக்கொண்டுதான் ஆட வேண்டும். நடை கணக்குப் பார்க்கக் கம்பெனியில் கொடுத்தது என்று அதற்கும் ஒரு பொய் சொல்லியிருந்தான். யமுனா அதைக் கடுகு டப்பாவுக்குப் பின்னால் போட்டாள். அதன் பிறகு சென்னியப்பன் ஆடவில்லை. நம்புங்கள், உண்மையாகவே ஆடவில்லை.

வம்பு எங்கே இருந்தது என்றால், தாழ்ப்பாளைக் கழற்றுவதற்கு முந்தின வாரம் அவன் கட்டியிருந்த ஒரு பந்தயத்தில். கபடித் தொடரில் கடைசி இடத்தில் கிடக்கிற அணி கோப்பையை வாங்கும் என்று கட்டியிருந்தான். பைத்தியக்காரன்கூடக் கட்டமாட்டான். அந்த அணி பொங்கலுக்குப் பிறகு ஒவ்வோர் அணியாகச் சாய்த்துக்கொண்டே வந்து கோப்பையைத் தூக்கிவிட்டது. "வாழ்த்துகள் சென்னியப்பன்! உங்கள் வெற்றித் தொகை காத்திருக்கிறது" என்று போனில் செய்தி வந்தபோது அவன் மெஸ்ஸில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். போனை அப்படியே யமுனாவிடம் நீட்டினான். மறைக்கவேண்டும் என்று தோன்றக்கூட இல்லை.

அவள் தொகையைப் பார்த்தாள். கிட்டத்தட்ட அவன் தொலைத்ததேதான்.

அதே சமயத்தில்தான் கட்டட உரிமையாளர் இடத்தை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தார். பழகின தோஷத்துக்கு முதல் வாய்ப்பு யமுனாவுக்கு. இந்த மாதத்துக்குள் முன்பணம் கொடுக்காவிட்டால் உடற்பயிற்சிக் கூடம் வைக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள்.

யமுனா இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். "அது சூதாட்டப் பணமில்லீங்க. என்ற பணம், நான் சேத்து வெச்சது. நீங்க எடுத்துட்டுப் போனது. வாங்கிக் குடுத்துருங்க."

இருவரும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கடுகு டப்பாவுக்குப் பின்னாலிருந்து பட்டை வெளியே வந்தது. சென்னியப்பன் அதைக் கட்டிக்கொண்டு போனில் 'பணம் எடுக்க' என்ற இடத்தை அழுத்தினான். போன் அவன் முகத்தைப் பார்த்தது. பெயரைச் சொல்லச் சொன்னது, சொன்னான். பட்டையில் மஞ்சள் விளக்கு ஓடியது. சிறிது நேரத்தில் சிவப்பாக நின்றது.

"முகம் பொருந்துகிறது. குரல் பொருந்துகிறது. நாடி பொருந்தவில்லை. மன்னிக்கவும், இந்தக் கணக்குக்கு உரியவர் நீங்கள் அல்ல."

மறுபடியும் முயன்றான். மறுபடியும் சிவப்பு. யமுனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று.

"நல்லதுதானுங்களே! அந்த ஆளு வேற, நீங்க வேறன்னு மெஷினே சொல்லீருச்சு பாருங்க."

சென்னியப்பனும் சிரித்தான். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மெஸ்ஸுக்குத் தினமும் மதியம் சாப்பிட வருகிற ஜெபசிங், இந்த மாதிரிப் பட்டைகளுக்கு மென்பொருள் எழுதுகிற கம்பெனியில்தான் இருந்தான். நாசரேத்துக்காரப் பையன். யமுனாவை அக்கா என்றும் சென்னியப்பனை அண்ணே என்றும் கூப்பிடுவான். கூட்டம் குறைந்த நேரத்தில் அவனை உட்காரவைத்து யமுனா விஷயத்தைச் சொன்னாள். கணவன் ஆடியதைச் சொல்ல அவள் தயங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டது சென்னியப்பன்தான்.

"இப்ப எதையுமே நம்ப முடியாதுல்லாக்கா" என்றான் ஜெபசிங், சாம்பாரைப் பிசைந்துகொண்டே. "மூஞ்சி, குரல், கைரேகை எல்லாத்தையும் மெஷினே செஞ்சு குடுத்துருது. ஒருத்தன் ஜெயிச்ச காச இன்னொருத்தன் எடுத்துட்டுப் போயிருதான். அதான் நாடிச் சான்று. ஆடுதப்ப ஒவ்வொருத்தனுக்கும் நெஞ்சு ஒவ்வொரு மாதிரி அடிக்கும். எப்ப ஏறுது, எப்படி இறங்குது, எந்த எடத்துல ஒரு துள்ளு துள்ளுது, அது அவனுக்கு மட்டுந்தான் இருக்கும். அதைப் பட்டை படிச்சு வச்சுக்கிடும். பணம் எடுக்கப்போ அதே துடிப்பு வரணும்."

"எடுக்கறப்ப எல்லாருக்குமா வருது?"

"வருதேக்கா. காசு எடுக்கவன் பூராப் பேரும் ஆடிக்கிட்டேதான இருக்கான்! எடுத்த கையோட மறுபடி போடப்போறவன். அவனுக்குப் பணம் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கிட்டு வரும். விட்டவனுக்குத்தான் வராது. விட்டவன் எத்தனை பேரு இருக்கான்? அதனால புகாரே கிடையாது."

யமுனா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப இவரு திருந்துனதுதான் குத்தமா?"

"குத்தம்னு இல்லக்கா. பட்டைக்கு அடையாளம் தெரியல. கொஞ்சமா ஒரு ஆட்டம் ஆடச் சொல்லுங்க. பழைய துடிப்பு வந்துரும். வந்த உடனே எடுத்துட்டு ஏறக்கட்டிருங்க."

சென்னியப்பன் மாட்டேன் என்றான். யமுனாதான், "நான் பக்கத்துல உக்காந்துக்கறேனுங்க, பயப்படாதீங்க" என்றாள். குழந்தைக்குத் தடுப்பூசி போடக் கூட்டிப்போகிறவள் போல அவன் தோளில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் சின்னத் தொகைக்கு ஒரு சீட்டாட்டம் ஆடினான். ஜெயித்தான். இன்னொன்று ஆடினான், தோற்றான். "அட, இதுக்கா இந்தப் பாடு? தாயம் மாதிரித்தான இருக்குது!" என்றாள் யமுனா. அவனுக்கும் அப்படித்தான் இருந்தது. சப்பென்று இருந்தது. பட்டை சிவப்பைக் காட்டியது.

அடுத்த நாள் ஜெபசிங் அந்தப் பட்டையைத் தன் லேப்டாப்பில் சொருகி, அதற்குள் இருந்த பழைய துடிப்புக் கோடுகளைப் பார்த்தான். ரசத்துக்கு வந்தவன் மோருக்குப் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அண்ணே, இது விசித்திரமால்லா இருக்கு. ஜெயிச்சப்பவும் நெஞ்சு ஏறல. தோத்தப்பவும் ஏறல. பெரிய தொகை போனப்பகூட ஒண்ணுமில்ல. ஆனா நடுநடுவுல சம்பந்தமே இல்லாம ஒரு துள்ளு. இங்க பாருங்க. ஆட்டத்துல அப்ப ஒண்ணுமே நடக்கல. இந்தத் துள்ளலைத்தான் பட்டை உங்க அடையாளமா எடுத்திருக்கு. அந்த நேரத்துல எதாச்சும் சத்தம் கேட்டுச்சா? யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

சென்னியப்பனுக்கு விளங்கிவிட்டது. வாளி வழிகிறது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். என்னாச்சுங்க? அவன் நெஞ்சு ஆட்டத்துக்காக ஒருநாளும் அடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்வதற்கும், அதை அவள் நம்பிவிட்டாள் என்று தெரிவதற்கும் இடையே இருந்த அந்தக் கொஞ்ச நேரத்துக்காக அடித்திருக்கிறது. வெற்றிக்கொடியில் பதிவாகியிருக்கிற சென்னியப்பன் சூதாடி இல்லை. பெண்டாட்டியிடம் பொய் சொல்லுகிறவன்.

"என்னங்க சொல்றாப்டி தம்பி?" என்று கேட்டுக்கொண்டே யமுனா மோர் வாளியோடு வந்தாள்.

"தெரியல அம்மிணி" என்றான் சென்னியப்பன்.

ஆவணிக்குப் பிறகு அவன் அவளிடம் சொன்ன முதல் பொய் அது. பட்டை அப்போது கையில் இல்லை, லேப்டாப்பில் இருந்தது. கையில் இருந்திருந்தால் அந்த இடத்திலேயே வேலை முடிந்திருக்கும்.

அன்று முழுக்க அவன் இதையே உருட்டிக்கொண்டிருந்தான். அவளிடம் சொல்லிவிட்டு, 'உன்னிடம் ஒரு பொய் சொல்லிக்கொள்கிறேன், கொஞ்சம் நம்பு' என்று கேட்க முடியுமா? அவளுக்குத் தெரிந்து சொன்னால் அது பொய்யே இல்லை, நாடகம். நாடகத்துக்கு நெஞ்சு துள்ளாது. அவள் நிஜமாகவே நம்ப வேண்டும், அவன் நிஜமாகவே ஏமாற்ற வேண்டும். அவளிடமிருந்து எடுத்ததை அவளுக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு வேறு வழியில்லை. நினைத்துப் பார்க்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் முடிவுக்கு வந்தான். துணி மடித்துக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "அம்மிணி, அந்தப் பணம் வேண்டாம். போனா போகுது. எடத்துக்கு நாளையோட கெடு முடியுது, முடிஞ்சு தொலையட்டும்" என்றான். மனதாரச் சொன்னான்.

யமுனா அவன் சட்டை ஒன்றை மடித்து மடிமேல் வைத்துத் தட்டிக்கொண்டே, "சரிங்க. வேற எடம் பாத்துக்கலாம். அடுப்பு எங்க வெச்சாலும் எரியும். பணம் போயி நீங்க வந்தீங்கன்னு வெச்சுக்கறேன்" என்றாள். சொல்லிவிட்டு அவன் முதுகில் லேசாக ஓர் அடி வைத்தாள். சென்னியப்பன் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பரிசு எதையும் வாங்கியதில்லை. அதோடு நின்றிருக்கலாம், பாவி.

ஞாயிற்றுக்கிழமை மெஸ் விடுமுறை. காலையில் புரோக்கர், உடற்பயிற்சிக் கூடத்துக்காரர்களைக் கூட்டிக்கொண்டு இடம் பார்க்க வந்துவிட்டார். இரண்டு வாலிபர்கள், ஒளிக்கற்றை விட்டு நீளம் பார்க்கிற கருவியோடு. சமையலறைக்குள் செருப்புக் காலோடு போனார்கள். "இந்த அடுப்பு மேடைய இடிச்சிட்டா கண்ணாடி வெச்சிரலாம்" என்று ஒருவன் சொன்னான். யமுனா கையில் துடைப்புத் துணியோடு ஓரமாக நின்றாள். அந்த மேடையை அவள் ஒவ்வொரு நாளும் இரண்டு வேளை கழுவித் துடைப்பாள், அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருக்கும். அவர்கள் போன பிறகும், காய்ந்து கிடந்த மேடையை இன்னொரு தடவை துடைத்தாள். சென்னியப்பன் அதைப் படிக்கட்டில் நின்று பார்த்தான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மாடி அடுக்களையில் பாத்திரம் ஒழுங்கு செய்துகொண்டிருந்தபோது, பட்டையைக் கட்டிக்கொண்டு, போனை லுங்கியில் சொருகி, அவன் குளியலறைக்குள் போனான். தாழ்ப்பாள் இல்லாத கதவை முதுகால் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றான். குழாயைத் திறந்தான். 'பணம் எடுக்க' என்பதை அழுத்தினான். மஞ்சள் விளக்கு ஓட ஆரம்பித்தது.

வாளி நிரம்பியது. வழிந்தது. அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ஏனுங்க?" குரல் கிட்டே வந்தது. "தண்ணி வழியுதுங்களே. என்னாச்சுங்க?"

நெஞ்சு எகிறியது. காதுக்குள் இடித்தது. "ஒண்ணுமில்ல அம்மிணி" என்றான். "வயிறு சரியில்ல."

அந்தப் பக்கம் காலடி அடுக்களைக்குத் திரும்பிப் போனது. பட்டை பச்சையானது.

"வருக, சென்னியப்பன்! நாடி பொருந்தியது. உங்கள் தொகை வங்கிக் கணக்கில் சேர்ந்துவிட்டது. வரிக் கணக்கு முடிந்ததும் மீதி அடுத்த மாதம். தொடர்ந்து ஆடுங்கள்."

விளம்பரத்தில் சொன்னது பொய்யில்லை. நொடியில்தான் வந்தது. குழாயை மூடிவிட்டு நின்றான். கால் நனைந்திருந்தது. இப்போதே வெளியே போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், இரண்டு நிமிஷத்துப் பொய்தானே, சிரித்துவிடுவாள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கதவைத் திறந்தான்.

யமுனா வாசலில் நின்றிருந்தாள். கையில் டம்ளர். வாங்கிக்கொண்டான். மோர். அடியில் வெந்தயம் நன்றாக ஊறி, உப்பி, தோல் பிரிந்து கிடந்தது. அப்படி ஊறுவதற்கு அரை நாளாவது வேண்டும். அவன் பொய் சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"இது எப்ப ஊறப்போட்டே?" என்றான்.

"காலையிலதானுங்க."

"நான் இப்படிச் சொல்லுவேன்னு உனக்கு..."

"தெரியாதுங்க." அவள் அவன் மணிக்கட்டில் இருந்த பட்டையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "நீங்க தாழ்ப்பாளக் கழட்டுன மறுநாள்ல இருந்து தெனமும் போட்டுட்டுத்தான் இருக்கறேன். என்னைக்காச்சும் மறுக்கா வயிறு சரியில்லம்பீங்கன்னு. சாயங்காலமானா கொட்டீருவேன். உங்களுக்குத் தெரியாம. அது என்ற தப்புத்தான், நம்பீருக்கோணும். நேத்து நீங்க பணம் வேண்டாம்னீங்கல்ல, அப்பத்தான் முழுசா நம்புனேன். இன்னைக்குக் காலையில கை பாட்டுக்குப் பழக்கத்துல போட்டுருச்சு. இனி எதுக்கு இதுன்னு கொட்டறதுக்குத்தான் எடுத்தேன். அப்பத்தானுங்க குழாச் சத்தம் கேட்டுது."

சென்னியப்பன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே, ஈரத்தில், எல்லாவற்றையும் சொன்னான். ஜெபசிங் காட்டிய கோடுகள், அந்தத் துள்ளல் எதனால் வந்தது, உன்னிடம் மறைத்தால் மட்டும்தான் பட்டைக்குப் பச்சை வரும், அதற்காகத்தான், உனக்காகத்தான், அந்த மேடைக்காகத்தான். ஒன்று விடாமல் சொன்னான். அவள் முழுவதையும் கேட்டாள்.

"பணம் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சு."

"சரிங்க. மோரக் குடிங்க" என்றுவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

கட்டடம் யமுனாவின் பேருக்கு வந்தது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, எல்லாருக்கும் அவளே கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாள். அடுப்பு மேடைக்குப் புது கிரானைட் போட்டாள். கணவனிடம் முகம் கொடுத்துத்தான் பேசினாள், வேளாவேளைக்குச் சோறு போட்டாள், ஒரு கடுஞ்சொல் கிடையாது. ஆனால் அவன் எதைச் சொன்னாலும் ஒரு கணம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் "சரிங்க" என்பாள். மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்றாலும் அந்த ஒரு கணம். சம்பளம் வந்துவிட்டது என்றாலும் அந்த ஒரு கணம். முதலில் அவன் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தான். கடைக்குப் போகிறேன் என்று சொல்வதற்கே நெஞ்சு அடித்துக்கொள்ளத் தொடங்கியது.

அடுத்த மாதம் மீதித் தொகைக்கான செய்தி வந்தது. சொற்பம்தான். வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்றான் சென்னியப்பன்.

"எதுக்குங்க விடோணும்? மேசையில உக்காந்து என்ற முன்னாடியே எடுங்க. வரலீன்னா போகட்டும்" என்றாள் யமுனா. அவளே பட்டையை எடுத்து வந்து அவன் கையில் கட்டிவிட்டாள். அவள் எதற்காக அதைச் செய்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. சிவப்பைப் பார்க்க ஆசைப்படுகிறாள். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை சிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறாள். அவனுக்கும் அந்த ஆசைதான். மறைக்க ஒன்றுமே இல்லாத மனுஷனாக, கையை மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மஞ்சள் விளக்கு ஓடியது.

"என்றகிட்ட எதாச்சும் மறைக்கறீங்களா?" என்று யமுனா மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல அம்மிணி. சத்தியமா ஒண்ணுமே இல்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அந்த ஒரு கணம். நம்புவாளா? நெஞ்சு எகிறியது, காதுக்குள் இடித்தது. பட்டை பச்சையானது.

"வருக, சென்னியப்பன்! நாடி பொருந்தியது."

பணம் வந்து விழுந்த மணிச் சத்தம் போனிலிருந்து கேட்டது. வாளி இல்லை, குழாய் இல்லை, அதை மறைக்க எதுவும் இல்லை.

"அம்மிணி, நான் சொல்றதக் கேளு. இது பயம். பயத்துல அடிக்குது. நீ நம்பமாட்டியோன்னு பயந்துட்டேன். அவ்வளவுதான்."

"அப்பவும் அதே பயந்தானுங்க" என்றாள் யமுனா.

அவள் குரலில் கோபமே இல்லை. எழுந்து அடுக்களைக்குள் போனாள். டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு கை வெந்தயம் டம்ளரில் விழுகிற சத்தம்.